குழி தெரியுது மேடம்

முப்பத்தெட்டு வயதில் நான் இரண்டாவது முறையாக ப்ரொபேஷனுக்குப் போனேன். செங்கல்பட்டில் ஒரு தனியார் கல்லூரியில் பதின்மூன்று வருஷம் கெமிஸ்ட்ரி நடத்திவிட்டு, அதை உதறிவிட்டு, கோவளத்துக்குத் தெற்கே ஈ.சி.ஆரில் ஒரு வாடகை பங்களாவில் இருந்த சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். 'பயோ' என்று ஆரம்பிக்கும் எந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னாலும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மாசத்தில் கன்ஃபர்ம் ஆகாவிட்டால் திரும்பிப் போக இடமில்லை. கல்லூரியில் என் நாற்காலியில் அடுத்த வாரமே என் பழைய மாணவர் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். நன்றாக நடத்துகிறார் என்றும் கேள்விப்பட்டேன், அதுதான் கஷ்டமாக இருந்தது.

1. மூன்றாவது படம்

முதல் நாள். ப்ராஜெக்ட் மேனேஜர் வசந்தா மேடம், என்னைவிட நாலு வயது சின்னவர், ஒரு காகிதத்தை நீட்டினார். ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை அச்சாகியிருந்தது. பார்க்கக் கசங்கிய கொசுவலை மாதிரி இருந்தது. அது ஒரு புரோட்டீனின் மேற்பரப்பு. புரோட்டீன் என்பது அணுக்கள் சேர்ந்த ஒரு பெரிய உருண்டை. அதில் எங்கேயோ ஒரு குழி இருக்கும். மருந்து போய் உட்கார வேண்டிய இடம் அது. அந்தக் குழியை மருந்துக் கம்பெனிக்காரர்களுக்குத் தெளிவாகக் காட்டுவதுதான் எங்கள் பிழைப்பு.

"இது ஸ்டீரியோ சார். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம். கண்ணைத் தளர விட்டுப் பார்த்தா நடுவுல மூணாவதா ஒண்ணு எழும்பி வரும். தெரியுதா?"

பார்த்தேன். இரண்டு படம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நாலானது. மூன்று மட்டும் வரவில்லை. பின்னால் ஐந்து பேர் நின்றிருந்தார்கள், எல்லாருக்கும் இருபத்துச் சொச்சம் வயது.

"தெரியுது மேடம்."

"குழி?"

"நல்லா ஆழமாவே இருக்கு மேடம்."

வீட்டுக்குப் போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டில் இடமில்லாமல் பஸ்ஸில் பழகினேன். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரும்வரை காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்து முறைத்தேன். ஒருநாள் கண்டக்டர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், மயக்கம் வருதா? கண்ணு ரெண்டும் ஒரு மாரி சொருவிகினு கீது."

பக்கத்து சீட்டுப் பெண்மணி எழுந்து முன்னால் போய்விட்டார். நானும் முயற்சியைக் கைவிட்டேன்.

2. ஸ்கிரிப்ட்

நாலாவது மாசம் ஐரோப்பாவில் ஒரு க்ளையன்ட் நாற்பது புரோட்டீன்கள் கொடுத்தார். மௌஸால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படம் எடுத்தால் ஒன்றுக்கு அரை நாள். நான் ஸ்கிரிப்ட் எழுதினேன். செய்ய வேண்டியதை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதிவைத்தால் மென்பொருள் தானாகச் செய்துகொண்டு போகும். தண்ணீரை எடு. மேற்பரப்பை வலையாகக் காட்டு. குழியைச் சுற்றி இருப்பதை ஆரஞ்சாக்கு. குழி நம் பக்கம் பார்க்கும்படி திருப்பு. ஸ்டீரியோ ஆக்கு. சேமி. அடுத்தது.

தண்ணீரை எடுக்கும் வரி முக்கியம். முதல் தடவை மறந்துவிட்டேன். குழிக்குள் கிடந்த தண்ணீர் மூலக்கூறுகள் மேலேயும் மென்பொருள் சிரத்தையாக வலை போட்டு, நாற்பது குழிகளையும் தூர்த்துவிட்டது. அது ஒற்றைப் படத்திலேயே தெரிந்ததால் திருத்திவிட்டேன். ஸ்டீரியோ வரியை மட்டும் இணையத்தில் யாரோ எழுதியதிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். அதைச் சரிபார்க்கத் தேவையான கண் என்னிடம் இல்லை.

வசந்தா மேடம் நாற்பது தாள்களையும் புரட்டினார். "குழி எல்லாம் சூப்பரா வந்திருக்கு சார்."

ஐந்து பேரும் ஆமோதித்தார்கள். திங்கட்கிழமை க்ளையன்ட் நேரில் வருவதாக இருந்தது. அவர் திருப்தியானால் எனக்குக் கன்ஃபர்மேஷன் என்று மேடம் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

3. அந்தோணி

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தோணி என் மானிட்டரை மாற்ற வந்தார். எங்கள் கம்ப்யூட்டர்கள், நெட்வொர்க், ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. கோவளத்துக்காரர், முப்பது வயது, ஐ.டி.ஐ. படிப்பு. மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, முட்டை மாரி ஒண்ணு வெளிய வந்துகினு கீது?"

"எங்கே?"

"தோ, ஆரஞ்சா கீதே."

"அது குழி, அந்தோணி."

"குழின்னா உள்ள போவணும் சார். இது என் மூக்க இடிக்குது."

"உங்களுக்கு ஸ்டீரியோ தெரியுதா?"

"இது இன்னா கம்ப சூத்திரமா? நைனாவோட போட்டு கடல்லேர்ந்து வருதான்னு கரையில நின்னு தூரமா பாப்போம்ல, அப்ப கண்ணு எப்டி கெடக்கும், அப்டி வுட்டுட்டா போதும். உங்களுக்குத் தெரியல?"

ஸ்டீரியோவில் இரண்டு வகை உண்டு. தூரத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பது ஒன்று, மாறுகண் போட்டுப் பார்ப்பது இன்னொன்று. ஒன்றுக்காகச் செய்ததை மற்றதாகப் பார்த்தால் பள்ளம் மேடாகிவிடும். க்ளையன்ட் கேட்டது முதல் வகை. நான் காப்பியடித்த வரி இரண்டாவது. நாற்பது குழிகளுக்குப் பதில் நாற்பது மேடுகளைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

வரியை மாற்றிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மேடம் பார்த்து ஓகே சொன்னாரே, அப்படியானால் அந்தோணி பார்த்தது தப்பா? வரியை மாற்றி அச்செடுத்த தாள் ஒன்று, பழையதில் ஒன்று எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன்.

"எது நல்லா இருக்கு மேடம்?"

பழையதைத் தொட்டார். "இதுல குழி இன்னும் ஆழம்."

இனி பொய்யைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை. "மேடம், எனக்கு ஸ்டீரியோ தெரியாது. முதல் நாள்லேர்ந்தே தெரியாது. இது குழி இல்லை, மேடு."

அவர் என்னையே பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"கதவைச் சாத்துங்க சார்."

சாத்தினேன்.

"எனக்கும் தெரியாது."

"அப்ப இத்தனை நாளா ஓகே சொன்னது?"

"நீங்கதான் ஆழமா இருக்குன்னு சொன்னீங்களே. மத்தவங்களுக்கும் தெரியுதுன்னுதானே சொல்றாங்க."

வெளியே போய் அந்த ஐந்து பேரைக் கேட்டோம். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சிரித்துவிட்டாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மேடம் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்தோணி, நாளைக்கு லீவு எடுக்காதீங்க," என்றார்.

"சனிக்கெழம ஜெனரேட்டர் சர்வீஸ் கீது மேடம்."

"ஜெனரேட்டர் கெடக்கட்டும்."

4. ஊஞ்சல்

சனிக்கிழமை அந்தோணி நாற்பது புதுத் தாள்களையும் பார்த்தார். மூன்றில் குழி பக்கவாட்டில் ஒளிந்திருப்பதையும் கண்டுபிடித்தார். நான் என் மாதிரிக் கண்ணுள்ளவர்களுக்காக ஸ்கிரிப்டில் ஒரு வேலை கூட்டினேன்: புரோட்டீன் ஊஞ்சல் மாதிரி இடமும் வலமும் மெல்ல ஆட வேண்டும். ஆடும்போது கிட்டே இருப்பது அதிகம் நகரும், தள்ளி இருப்பது கொஞ்சம் நகரும். ஒரு கண்ணை மூடிக்கொண்டாலும் ஆழம் தெரியும். முதன்முதலாக என் குழியை நான் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

திங்கட்கிழமை வந்தவர் அறுபது வயதுக் கெமிஸ்ட். தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், கையை நீட்டிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்: முப்பது வருஷமாக எனக்கு இது தெரிந்ததே இல்லை, வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டோம்.

ஊஞ்சலை ஓடவிட்டேன். மூன்றாவது புரோட்டீனில் நிறுத்தச் சொன்னார். இன்னும் மெதுவாக ஆட்டச் சொன்னார். ஆரஞ்சுக் குழியின் ஒரு மூலையில் விரலை வைத்து, இங்கே இன்னும் ஒரு வளையம் வைக்க இடமிருக்கிறதே என்றார். மருந்து மூலக்கூறில் இன்னும் ஓர் அணு வளையத்தைச் சேர்க்கலாம் என்கிறார். சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்துவர மறுத்துவிட்டார்.

கன்ஃபர்மேஷன் ஆர்டரை மேடம் கையில் கொடுத்தார். "ஒரே ஒரு கண்டிஷன் சார். இனிமே என்கிட்ட காட்டி ஓகே வாங்காதீங்க. அந்தோணிகிட்ட காட்டுங்க."

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தெரியாததைத் தெரியும் என்று ஒருவர் சொன்னால் அது பொய். ஏழு பேர் சேர்ந்து சொன்னால் அதற்குப் பெயர் குவாலிட்டி செக். அதற்குப் பிறகு எந்த மீட்டிங்கிலும் யாராவது திரையைக் காட்டி "தெரியுதா?" என்று கேட்டால், தெரியலை என்று முதலில் கை தூக்குவது நான்தான். தூக்கியதும் அறையில் பாதிப் பேர் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்கும்.