இரண்டாவது கியரில் இரண்டு மாதம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணி வெயில். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலம் தாண்டிக்கொண்டிருந்தேன். என் காரின் டேஷ்போர்டு அணைந்தது.

என்னுடையது முள் வைத்த மீட்டர் இல்லை. பச்சை எண்கள் ஒளிரும் டிஜிட்டல் டேஷ்போர்டு. வேகம், பெட்ரோல், எஞ்சின் சூடு... எல்லாமே வெளிச்சம்தான். வெளிச்சம் போனால் எதிரே ஒரு கறுப்புக் கண்ணாடி. அதில் என் முகம்.

கூடவே கியரும் படுத்துக்கொண்டது. தானாக ஏறி இறங்கும் ஆட்டோமேட்டிக் கியர் அது. அன்று இரண்டாவதில் போய் உட்கார்ந்துகொண்டு மேலே ஏற மறுத்தது. எஞ்சின் அலறுகிறது, வண்டி ஊர்கிறது. இடது ஓரமாக ஒதுங்கினேன். பின்னால் வந்த லோரி என்னைக் கடந்தபோது ஓட்டுநர் குனிந்து பார்த்தார். பெண் என்று தெரிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

இரண்டு மாதத்தில் இது ஏழாவது முறை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதான ஜப்பானியக் கார். சிவப்பு. இரண்டே கதவு. முன்விளக்குகள் மூடியிருக்கும், பொத்தானை அழுத்தினால் தவளைக் கண்போல் எழும்பும். கிள்ளானில் பழைய கார் விற்கும் இடத்தில் பார்த்தேன், வாங்கினேன். நாற்பத்து மூன்று வயதில், கல்லூரிக்குப் போகும் மகளை வைத்துக்கொண்டு, ஒரு பெண் எதற்காக ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு இதுவரை பதினைந்து விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். உண்மையான பதில் ஒன்றுதான் — பிடித்திருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் அண்ணனுக்கு அந்தப் பதில் போதவில்லை. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு காரணமும் அதற்கு ஒரு கையெழுத்தும் கேட்டுப் பழகியவர்.

"ரெண்டு கதவு வண்டில பின்னால யாரு தங்கச்சி உக்காருவா?" என்று கேட்டார், வாங்கிய அன்றே.

"யாரும் உக்கார வேணாம்னுதாண்ணே வாங்கினேன்" என்றேன்.

வண்டி கெட ஆரம்பித்ததும் அண்ணனுக்குக் குரல் வந்துவிட்டது. அண்ணனுக்கு மட்டுமா? அலுவலகத்தில், கோயிலில், பெட்ரோல் நிலையத்தில்... எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். 'வித்துடுங்க.' எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. உலகத்தில் உழைப்பே இல்லாமல் கொடுக்கக்கூடிய ஆலோசனை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சரி, திறந்து பார்க்கிறவரிடமே போவோம் என்று செராஸில் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். என் கணவரும் வந்தார். அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. பிரேக் எது, வேகம் கூட்டும் எண்ணெய் மிதி எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

ஃபோர்மன் வந்தார். கோளாறு என்ன என்று என் கணவரிடம் கேட்டார். நான் பதில் சொன்னேன். அடுத்த கேள்வியையும் என் கணவரிடமே கேட்டார். அதற்கும் நான் பதில் சொன்னேன். இப்படியே அரைமணி நேரம். எந்த நாள், எத்தனை மணி, மழையா வெயிலா, என்ன வேகம் என்று ஒவ்வொரு முறையும் குறித்துவைத்த நோட்டுப் புத்தகம் என்னிடம் இருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் இருபது வருட நிருபர் பழக்கம். குறிக்காமல் விட்டால் கை அரிக்கும். நீட்டினேன். அவர் அதன் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கியர்பாக்ஸ் போச்சு பாஸ்" என்றார், என் கணவரைப் பார்த்து. "மீட்டரும் போச்சு. ரெண்டும் வேற வேற கேஸ். மாத்துறதுன்னா ஹாஃப்-கட்லதான் எடுக்கணும். இல்லன்னா வித்துடுங்க லா."

என் கணவர் ஆழ்ந்து யோசிப்பவர்போல் தலையசைத்தார். திரும்பி வரும் வழியில், ஹாஃப்-கட் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார்.

ஹாஃப்-கட் என்பது, ஓட்டி முடித்த காரைக் குறுக்கே அறுத்து, முன்பாதியை எஞ்சினோடும் கியரோடும் அப்படியே விற்பது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு ஹாஃப்-கட் கடைக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் உயரத்துக்குக் கார் முகங்கள். முகத்துக்குப் பின்னால் உடம்பு இல்லை. என் வண்டிக்குப் பொருந்தும் பாதி அவர்களிடம் இல்லை. அப்படி ஒரு வண்டி கிடைத்தால் தாங்களே வாங்கி அறுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

ஏழாவது முறை வண்டி நின்ற சனிக்கிழமை மாலை அண்ணன் டெலிபோன் செய்தார். வண்டியை வாங்க ஆள் பார்த்துவிட்டாராம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஆள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கே வருகிறாராம். யாரென்று விசாரித்தேன். ஸ்ரீ கெம்பாங்கான்காரர்தான். ஓட்டுவதற்கு இல்லை. அறுப்பதற்கு.

கோபத்தில் மனிதர்கள் வாக்குக் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வண்டி அதோட சொந்தக் கால்ல உங்க வீட்டு வாசலுக்கு வரும்ணே. வழியில நின்னா சாவிய நீங்களே வாங்கிக்குங்க."

டெலிபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. எட்டு நாள்.

கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில், காப்பார் சாலையில், ராஜூ என்பவரின் பட்டறை இருக்கிறது. துத்தநாகக் கூரை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வரிசையாக நிற்கும். இரண்டு மாதமாக அதைத் தாண்டித்தான் போய்வந்தேன். உள்ளே நுழையவில்லை. லோரி பார்ப்பவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்ன தெரியும் என்ற மிதப்பு. செராஸ் ஃபோர்மனுக்கு என்னைப் பற்றி இருந்த அதே மிதப்பு, ராஜூவைப் பற்றி எனக்கு இருந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

புதன்கிழமை போனேன். ராஜூவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கையை எதிலும் வைக்கவில்லை.

"எப்பெப்ப ஆவுதுக்கா?"

இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர். நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். என்னிடமே திருப்பிக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, ஒரு டயர்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் படித்தேன். சனி காலை, வெயில். வெள்ளி இரவு, மழை இல்லை. சனி காலை, தூறல். சனி, மறுபடி சனி. ஒரு செவ்வாய் இரவு. மீண்டும் சனி.

ராஜூ கண்ணைத் திறந்தார். "வண்டிக்குக் கிழமை தெரியுதேக்கா."

இரண்டு மாதம் நானே எழுதினேன். மழையைப் பார்த்தேன், வேகத்தைப் பார்த்தேன், கிழமையைப் பார்க்கவில்லை. வேறு யாராவது இப்படி ஒரு செய்தி எழுதிக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மறுநாள் மதியம் டேஷ்போர்டைக் கழற்றினார். பள்ளி முடிந்து என் கணவரும் வந்து, குடையைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். உள்ளே விரல் அகலத்தில் ஓர் இணைப்பு. நூல்போல் பத்துப் பன்னிரண்டு ஒயர்கள் அதில் சேர்கின்றன. அதன் பித்தளைப் பற்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பச்சைக்கு மேல் மஞ்சளாக ஒரு படிவு. ராஜூ அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"கார்ல யாராச்சும் மஞ்சத் தண்ணி ஊத்துறாங்களா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் குடையைப் பார்த்தார்.

"ஊத்துறது இல்ல" என்றார். "தெளிக்கிறது. வெள்ளிக்கிழமை வெளக்கு வச்சதும். கிருத்திகைன்னா அன்னிக்கும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை கிருத்திகை. பிறகு காலண்டரில் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

"எவ்வளவு சார் தெளிப்பீங்க?"

"மொதல்ல ஒரு கைதான். மாவிலையால. புள்ளையார் ஒட்டியிருக்கே, அது மேல."

"அப்புறம்?"

"வண்டி கெட ஆரம்பிச்சதும்... கொஞ்சம் கூட."

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. ராஜூ மட்டும் திரும்பி ஸ்குரூடிரைவரை வெகுநேரம் தேடினார்.

பிள்ளையார் ஒட்டியிருந்த இடத்துக்கு நேர் கீழேதான் அந்த இணைப்பு. வெள்ளிக்கிழமை நனையும், இரண்டு நாளில் காயும். வண்டி கெடக் கெட, தண்ணீர் கூடியிருக்கிறது. தண்ணீர் கூடக் கூட, வண்டி கெட்டிருக்கிறது. கியரின் கதையும் அதுதான் என்று ராஜூ விளக்கினார். இந்த வண்டியில் வேகக் கணக்கு டேஷ்போர்டு வழியாகத்தான் கியரின் கம்ப்யூட்டருக்குப் போகிறதாம். டேஷ்போர்டு அணைந்தால், வண்டி நின்றுகொண்டிருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். நிற்கிற வண்டிக்கு மேல் கியர் எதற்கு?

"ரெண்டு கேஸ் இல்லக்கா. ஒரே கேஸ்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தேன். எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. செராஸில் பட்டது, நெடுஞ்சாலையில் பட்டது, இரண்டு மாதம் ஊரெல்லாம் கேட்டது. கிள்ளான் பாலம் வந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"நீ ஹைவேயில போறப்ப நான் வேற என்னதான் செய்ய முடியும்?"

இருபது வருடம் பேட்டி எடுத்திருக்கிறேன். அங்கே கேள்வி கேட்பது எப்போதும் நான்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் ராஜூ லோரிகளை ஓரங்கட்டிவிட்டு வேலை செய்தார். இணைப்பைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஸ்பிரிட்டில் கழுவி, விட்டுப்போன ஒயர்களைப் பற்றவைத்தார். இரண்டாவது கியரிலேயே அலறி அலறிக் கறுத்துப்போயிருந்த கியர் எண்ணெயை வடித்து மாற்றினார். மூன்றாவதுக்கு ஏறும்போது ஓர் உதை இருக்கும் என்றும், அது போகாது என்றும் முன்பே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே உதையைப் பொறுத்துக்கொள்ளலாம். என் கணவர் பிள்ளையாரைத் தம் கையாலேயே எடுத்துப் பின்கண்ணாடிப் பக்கம் ஒட்டினார்.

"டயருக்கு எவ்வளவு வேணும்னாலும் தெளிங்க சார்" என்றார் ராஜூ.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஷா ஆலம் வந்தபோது என் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. எண்கள் எரிந்தன. மூன்றாவது கியர், ஓர் உதையோடு. பிறகு நான்காவது. சுபாங் தாண்டியது, பெட்டாலிங் ஜெயா தாண்டியது. பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரிக்ஃபீல்ட்ஸில் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. கேட்கட்டும்.

ஸ்ரீ கெம்பாங்கான்காரர் முன்பே வந்திருந்தார். அவர் சட்டைப்பையில் ஒரு சாக்பீஸ். எங்கே அறுப்பது என்று கோடு போடுவதற்காம். எஞ்சின் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். இவ்வளவு நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று அண்ணனிடம் மலாயில் கேட்டார். அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே கேள்வி. விற்பதாக இல்லை என்று நான் சொன்னேன். எப்போதாவது நின்றால் கூப்பிடுங்கள் என்று கார்டை நீட்டினார். நான் வாங்கவில்லை.

அவர் போனதும் அண்ணன் கேட்டார், "என்னதான் கோளாறு?"

என் கணவர் என்னைப் பார்த்தார்.

"ஈரம்" என்றேன். பொய் இல்லையே.

அண்ணன் விடுவதாக இல்லை. "இன்னிக்கு ஓடுது தங்கச்சி. நாளைக்கு?"

"நாளைக்கு நின்னா நாளைக்குத் தெறந்து பாக்குறேண்ணே. வித்துடுன்னு மட்டும் சொல்லாதீங்க."

இந்தப் பத்தியை அச்சுக்கு அனுப்புமுன் என் கணவரிடம் கொடுத்தேன். அவர் பெயரைப் போடவில்லை என்றாலும், கேட்பது முறை. பள்ளிக்கூடக் கட்டுரைபோல் சிவப்புப் பேனாவோடு படித்தார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: வெறும் மஞ்சள் தண்ணீர் இல்லை, கோயில் தீர்த்தமும் கலந்தது. பதிவு செய்துவிட்டேன்.

எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். டேஷ்போர்டில் எண்கள் தீக்குச்சி அடுக்கியதுபோல் ஏழு கோடுகளால் ஆனவை. வேகம் காட்டும் இடத்தில், பத்துகளைக் காட்டும் இலக்கத்தில், வலது மேல்கோடு எரிவதில்லை. அதனால் எண்பது அறுபதாகத் தெரிகிறது. தொண்ணூறு ஐம்பதாக. போன ஞாயிறு ஒரு கல்யாணத்துக்கு அண்ணனைப் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஏற்றிவந்தேன். வழியெல்லாம் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தவர், இறங்கும்போது என் தோளைத் தட்டினார். ஐம்பது, அறுபதுக்கு மேல் போகவே இல்லை, இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது என்றார்.

நல்லவேளை, அண்ணன் இங்கிலீஷ் பேப்பர் மட்டும்தான் படிப்பார்.