பம்பாய் மீட்டிங்கும் ஏரிப் பாடும்

விமானத்துக்குள் நுழைந்ததும் முதலில் மேலே பட்டது அந்தக் குளிர்... ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி. ஆனால் இறால் வாடையே இல்லாத குளிர். ஒரு பெண் தட்டில் பெப்பர்மிண்டும் காதுக்குப் பஞ்சும் நீட்டினாள். நான் பஞ்சை வேண்டாம் என்றேன். என் காது புயலையே கேட்ட காது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ராயபுரத்தில் ஒரு இறால் எக்ஸ்போர்ட் கம்பெனி. பழவேற்காடு ஏரியில் இருக்கும் பசியாவரத்துக்காரனான நான் அவர்களுக்கு ஏரிக்கரையில் சரக்கு பார்த்து எடுக்கிற ஆள். படிப்பு அஞ்சாங்கிளாஸ். இங்கிலீஷ் நானே பேப்பர் பார்த்துக் கற்றது, அதில் யாருக்கும் பங்கு இல்லை.

ஜப்பான்காரர் ஒருவர் பம்பாய் வந்திருந்தார். டிரங்க் காலில் எவ்வளவு பேசியும் ஒத்துக்கொள்ளவில்லை. சரக்கு எடுக்கிறவன் முகத்தை நேரில் பார்க்கணுமாம். முதலாளி திடீரென்று என்னைக் கூப்பிட்டு, "கெளம்புய்யா, ஃப்ளைட்ல போறோம்" என்றார்.

என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. காரணம், ஊரில் சனிக்கிழமை பாடுக் கூட்டம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். அந்த முறைக்குப் பேர் பாடு. பேர் கூப்பிடும்போது ஆள் நேரில் இருக்க வேண்டும். அண்ணனுக்குப் பதில் தம்பி சீட்டு எடுக்க முடியாது. வரவில்லை என்றால் அந்த வருஷம் பாடு போச்சு.

நைனா போன பிறகு எங்கள் வீட்டுப் பாடு என் பேரில். வலை போடுவது தம்பி. கல்யாணம் ஆகாததால் அவனுக்குத் தனிப் பாடு கிடையாது.

"ண்ணா, நீ போ, வேணான்னு சொல்லல. ஆனா சனிக்கெழம உன் மூஞ்சி அங்க இல்லேன்னா, வருஷம் பூரா நான் கரையில உக்காந்து ஈ ஓட்டணும்" என்றான்.

முதலாளியிடம் சொன்னேன். "சனிக்கிழமை காலையில ஏறினா சாயங்காலம் உன் ஊர்ல இருப்பே. இது ஏரோப்ளேன்யா" என்றார்.

பம்பாயில் மீட்டிங் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஜப்பான்காரர் என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். அவ்வளவுதான்... இதற்காகவா இவ்வளவு தூரம் என்று நினைத்தேன். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் திரும்பும்போது, மெட்ராஸ் நெருங்குகிற நேரம், விமானம் வடக்கே சுற்றி வந்தது. ஜன்னலில் தண்ணீர்... வெயிலில் தகடு மாதிரி. அதற்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் கோடு. கோடு அறுபடும் இடத்தில் முகத்துவாரம்.

எங்கள் ஏரி.

பிறந்ததிலிருந்து அதன் ஆழத்தைக் காலால் அறிந்தவன் நான். அது முழுசாக எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். யாருடைய பாடு எங்கே என்று தேடினேன். ஒரு கோடும் இல்லை. சண்டை போட்டு, மண்டை உடைத்து, பஞ்சாயத்து வைத்துப் பிரித்த ஏரி... மேலிருந்து ஒரே தண்ணீர்.

"சார், அது எங்க ஊரு. இப்ப அங்கதான் கூடிக்கிட்டு இருப்பாங்க."

"எறக்கி விடச் சொல்லட்டுமா?" என்று முதலாளி சிரித்தார்.

மீனம்பாக்கத்திலிருந்து டாக்ஸி, சென்ட்ரலில் ரயில், பொன்னேரியில் பஸ், பழவேற்காட்டில் படகு. பம்பாயிலிருந்து வந்ததை விட இதற்குத்தான் அதிக நேரம். வாடைக் காற்று எதிரே அடித்தது. தண்ணீர் வற்றிப் படகு தரைதட்டியது. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தேன்.

கூட்டத்தில் என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தம்பி கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"வர்றான். ஏரோப்ளேன்ல வர்றான்."

"எங்க எறங்குவான், கோயில் மேலயா?" என்று ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் போய் நின்றேன். சிரிப்பு அடங்கியது. ஊர்த் தலைவர் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏரோப்ளேன்ல போறவனுக்கு ஏரியில பாடு இன்னாத்துக்கு?"

நாலைந்து தலை ஆமாம் என்று ஆடியது. சொந்தக்காரத் தலைகள்தான். அதை இன்னும் நான் மறக்கவில்லை.

"எதுல வரணும்னு வெதி இல்ல. நேர்ல வரணும்னுதான் வெதி. வந்தேனா, இல்லியா?"

தலைவர் என் முழங்கால் வரை ஏறியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"எட்றா சீட்ட" என்றார்.

இப்போது தம்பி இல்லை. எனக்கு வயசாகிவிட்டதால் வீட்டுப் பாடு அவன் மகன் பேரில். பங்குக்கு ஆள் வைத்து வலை போடுகிறான். அவனுக்குச் சென்னையில் பெரிய கம்பெனி வேலை. அவன் முதலாளிக்குச் சொந்தமாகவே ஒரு குட்டி விமானம் இருந்ததாம். வித்துவிட்டார்களாம். எல்லாம் ஸ்க்ரீனிலேயே முடிகிறதாம். "ஒரு டீக்காகப் பம்பாய் போனீங்களா பெரிப்பா... வேஸ்ட்" என்கிறான்.

இந்த வருஷக் கூட்டத்துக்கும் வீடியோ காலில் வருகிறேன் என்றான். முடியாது, நேரில் வா என்றேன். கோபித்துக்கொண்டான்... ஆனால் வந்தான்.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மடியில் லேப்டாப், காதில் ஒரு வெள்ளைக் குமிழ். பம்பாயில் மீட்டிங் ஓடுகிறதாம். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள், ஒரு ஜப்பான் முகம் உட்பட. பேர் கூப்பிட்டதும் ஒரு கையால் சீட்டு எடுத்தான். மறு கை லேப்டாப்பில்.

பிரமித்துத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். நான் பறந்து, ஓடி, சேற்றில் நடந்து சேர்த்த இரண்டு இடத்தையும் அவன் சம்மணம் போட்டே சேர்த்துவிட்டான். விதிப்படி ஆள் வந்துவிட்டான். நான் எதைச் சொல்லித் தடுப்பது?

படகு ஏறும்போது கேட்டேன், "ஏரியில தண்ணி எவ்ளோ கெடக்குன்னு பாத்தியாடா?"

"கவனிக்கல பெரிப்பா. ஒரு போட்டோ அனுப்புங்க."

இன்னும் அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன்.