ஏலக்காய் மரத்தில் ஏறிய சூனியக்காரி

பிள்ளைகளா, எட்டாம் வகுப்போடு நின்றது என் படிப்பு. அப்படிப்பட்ட என்னைத்தான் வீட்டில் ஒரு நாவலுக்கு நீதிபதி ஆக்கினார்கள்.

என் மகள் தோழியிடம் வாங்கி வந்த புத்தகம் அது. பாதி படித்திருந்தபோது அட்டைப்படத்தில் இருந்த துடைப்பத்தையும் கறுப்புப் பூனையையும் அவள் அம்மா பார்த்துவிட்டாள்.

"சூனியக் கதையெல்லாம் இந்த வீட்டுக்குள்ள வேணாம். திருப்பிக் குடுத்துரு."

மகள் அழுதாள். கடைசியில், நான் படித்துப் பார்த்து நல்ல புத்தகம் என்று சொன்னால் மீதியைப் படிக்கலாம் என்று முடிவாயிற்று.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் எனக்குச் சோலி. மலையேறும் ஜீப்பில் படிக்க முடியாது, வளைவுக்கு வளைவு வரி தாவும். மதியச் சோற்றுக்குப் பிறகு சாக்கு விரித்துப் படித்தேன்.

ஒரு சிறுமி லீவுக்கு மலையூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறாள். சித்தி சூனியக்காரி. அந்த லீவில்தான் தான் வளர்ந்ததாகச் சிறுமி உருகி உருகிச் சொல்கிறாள். அவளுடைய தோழி வேறொருத்தியோடு சேர்ந்துகொள்கிறாள். மந்திரம் போட்டு அவளைத் திரும்ப இழுக்க முடியுமா என்று சிறுமி சித்தியிடம் கேட்கிறாள். "இழுக்கலாம். ஆனா வர்றது அவளா இருக்க மாட்டா" என்கிறாள் சித்தி.

நான் மூக்கைச் சிந்தினேன்.

"என்னண்ணே, மொளகா கடிச்சுட்டீகளா?" என்றான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன்.

ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'அந்த மழைபோல் வருமா' என்ற புலம்பல். அடைமழையில் வெறுங்காலோடு காட்டுக்குள் ஓடுகிறாள், ஒரு அட்டைப்பூச்சிகூடக் கடிக்கவில்லை! அந்த மழையில் நனைந்து வளர்ந்தவன் நான். எனக்கு ஞாபகம் இருப்பது அரிப்புதான். அதற்கடுத்த பக்கத்தில் சித்தி செய்ததைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் பொரிந்து தள்ளினேன். "அந்தச் சித்தி ஏலக்கா மரத்துல ஏறிப் பறிக்கிறாளாம், ஆத்தா! ஏலம் மரமா? செடி. காய் தூர்ல, மண்ணோட ஒட்டிக் கிடக்கும். குந்தித்தான் பறிக்கணும்."

"துடைப்பத்துல பறந்தாளே, அத மட்டும் நம்புனீகளா?"

"அது மந்திரம்."

"அப்ப மரமும் மந்திரந்தேன்."

நான் புத்தகத்தைத் தள்ளி வைத்தேன். அவள் முகம் சுருங்கிப்போனது. "அப்ப நல்ல புத்தகம்னு சொல்ல மாட்டீகளாப்பா?"

அந்த நேரம் அவள் அம்மா கைநிறைய உப்பும் மிளகாய் வத்தலுமாக வந்தாள். "ரெண்டு நாளா பிள்ளை முகமே வாடிக் கெடக்கு. எவ கண்ணு பட்டுச்சோ." மகளை உட்காரவைத்துத் திருஷ்டி சுற்றத் தொடங்கினாள்.

"யம்மா, கதைல சித்தியும் இப்படித்தேன் சுத்துறா" என்றாள் மகள்.

கை நின்றது. "என்னத்த வச்சு?"

"உப்பு. அப்புறம் பச்ச மொளகா."

"பச்ச மொளகாயா? கூறுகெட்டவ! அடுப்புல போட்டா நெடி எப்படித் தெரியும்? வத்தலத்தேன்டி போடணும். கொண்டா அந்தப் புத்தகத்த."

உப்பையும் வத்தலையும் அடுப்பில் போட்டுவிட்டு, இருமிக்கொண்டே உட்கார்ந்தாள். அந்தச் சித்தி இன்னும் என்னென்ன தப்பாகச் செய்கிறாள் என்று பார்த்தே ஆக வேண்டுமாம்.

நல்லதும் எரிச்சலும் கலந்த என் தீர்ப்பை நாக்கு நுனியில் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. மகள் அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, "வெரசாப் பெரட்டும்மா" என்றாள்.

"இருடி, கதைல இந்தப் பிள்ளை அழுகுது" என்றாள் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.