இருபத்துமூன்றாம் நம்பர் சாவி

என் அண்ணி தெருவில் வருவது முதலில் காதில் விழும், பிறகுதான் கண்ணில் படும். இடுப்பில் இருபத்திரண்டு வீட்டுச் சாவிகள். ஊரே அவளைச் 'சாவி அண்ணி' என்றுதான் கூப்பிடுகிறது, அவளைவிட இருபது வயது மூத்த தபால்காரர்கூட. என்னைவிட அவள் இரண்டே மாதம் பெரியவள் என்பதால் இங்கே 'அவள்' என்கிறேன். நேரில் 'நீங்க'தான். அண்ணன் பெண்டாட்டி ஆயிற்றே!

எங்களுடையது கடலோர ஊர். கடல் தெரிகிற வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாரக்கணக்கில் விட்டார்கள். கடல் தெரிகிற வீடுகள் தீர்ந்ததும் தெரியாத வீடுகளையும் வாங்கினார்கள். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு. மழைக்காலத்தில் விளக்கு எரிவது மூன்றில். மற்றவை பூட்டியே கிடக்கும். நான் சலவைக்கடை வைத்திருக்கிறேன். அந்த வீடுகளின் விரிப்பும் துண்டும் என்னிடம்தான் வெளுக்க வருகின்றன. நானும் அதில்தான் சோறு தின்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக வயிற்றெரிச்சலை வெளியே சொல்லக்கூடாதா என்ன?

அண்ணிக்கு, வீடுகளை விருந்தாளிகளுக்கு விடும் ஏஜென்ட்டிடம், அந்த வீடுகளைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்கிற வேலை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய விருந்தாளிகள் கிளம்புவார்கள். நாலு மணிக்குப் புதியவர்கள் வந்து நிற்பார்கள். இடையில் ஆறு மணி நேரம், ஆறு வீடு. கொல்லைக் கதவிலிருந்து தொடங்கி, பின்னோக்கி நடந்தபடியே துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். தன் காலடித் தடம்கூடத் தரையில் இருக்கக்கூடாது. மேஜையில் இரண்டு கோப்பைகளைக் கவிழ்த்து, நடுவில் 'நல்வரவு' என்று அச்சடித்த அட்டையை வைப்பாள். விரித்த படுக்கையில் உட்காரவே மாட்டாள், அது அவள் சட்டம். ஒருமுறை கால் சுளுக்கிக்கொண்டு தரையில் அரைமணி உட்கார்ந்திருந்தாளே தவிர, பக்கத்திலிருந்த மெத்தையில் கைகூட வைக்கவில்லை.

அண்ணியும் அண்ணனும் பத்து வயது மகளும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் பதினோரு வருஷமாக வாடகைக்கு இருந்தார்கள். அண்ணன் பஸ் டிரைவர். காலை நாலு நாற்பதுக்குக் கிளம்புகிற முதல் பஸ் அவனுடையது. வீட்டு ஓனர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நாலு மணி நேரத் தொலைவில் நகரத்தில் இருக்கிறார். தங்கமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அந்தத் தங்கம் போன் செய்தது.

"உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா. எல்லாரும் விடுமுறைக்காரங்களுக்கு விடுறாங்க. மாச வாடகைய ஒரே வாரத்துல எடுத்துடலாம்னு ஏஜென்ட் சொல்றார். நானும் விட்டுப் பாக்குறேனே. மூணு மாசத்துல காலி பண்ணிக் குடுத்துடுங்க."

மூன்று மாதம் சல்லடை போட்டுச் சலித்தோம். இடுப்பில் இருபத்திரண்டு வீட்டுச் சாவி, குடியிருக்க ஒரு வீடு இல்லை! கடைசியில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, ரயிலடி இருக்கிற ஊரில்தான் கிடைத்தது. அண்ணன் நேரே ஏஜென்ட்டிடமே போய்க் கேட்டான்.

"முதல் பஸ்ஸ ஓட்டுறவன் எந்த பஸ்ஸ புடிச்சு சார் வேலைக்கு வருவான்?"

"ஒரு கார் வாங்கிக்குங்களேன்" என்றாராம் அந்தப் புண்ணியவான்.

கார் வாங்கவில்லை. அண்ணன் என் கடையில் இஸ்திரி மேஜை மேல் படுத்தான். ஆறடி ஆள், ஐந்தடி மேஜை. அவன் எழுந்துபோன சூட்டிலேயே நான் தலையணை உறைகளைத் தேய்ப்பேன். மகளும் அண்ணியும் அந்த ஊரில் இருந்தார்கள். அண்ணன் ஆறேகால் மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்து பஸ்ஸைத் திருப்பும்போது, பள்ளிக்கும் வேலைக்கும் வர இருவரும் ஏறிக்கொள்வார்கள். மகள் டிரைவருக்குப் பின்சீட்டில், 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்ற பலகைக்குக் கீழே உட்காருவாள். கணக்கு நோட்டை அவன் தலைக்கு மேலிருக்கிற கண்ணாடிக்கு நேராகத் தூக்கிக் காட்டுவாள். அவன் கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டுவான். அவன் குடும்பம் நடத்தியது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான்.

வீட்டைக் காலி செய்த நாளைச் சொல்லாமல் விட்டேனே. கடைசிச் சாமானை என் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு அண்ணியைத் தேடி உள்ளே போனேன். வீடு பளிச்சென்று இருந்தது. கொல்லையிலிருந்து வாசல்வரை பின்னால் நடந்தே துடைத்திருக்கிறாள். ஏஜென்ட் வாங்கிப் போட்ட புது மேஜையில் இரண்டு கோப்பைகள் கவிழ்ந்திருந்தன. நடுவில் அட்டை!

"அண்ணி! உங்களுக்குக் கிறுக்கா? நம்மள வெளிய புடிச்சுத் தள்ளுறாங்க, நீங்க நல்வரவு வச்சிருக்கீங்க!"

அண்ணி அட்டையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, கை தானா வச்சிருச்சும்மா!"

எனக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. கண்ணில் நீர் வழியும்வரை இருவரும் சிரித்தோம், கடைசியில் அது அழுகையா சிரிப்பா என்று எங்களுக்கே தெரியவில்லை. மறுநாள் ஏஜென்ட் அதே வீட்டை அப்படியே படம் பிடித்துப் போட்டிருக்கிறார். முதல் நாலு வாரமும் ஒரே நாளில் நிரம்பிவிட்டதாம். அண்ணி துடைக்காமல் சும்மா இருந்திருந்தால் ஒரு வாரமாவது தாமதமாகியிருக்கும்.

அடுத்த வாரம் ஏஜென்ட் தன் அலுவலகத்தில் ஒரு சாவியை நீட்டினார். 23 என்று எழுதிய சிவப்பு அட்டை அதில் தொங்கியது. அண்ணி பதினோரு வருஷம் தலையணைக்கடியில் வைத்துப் படுத்த சாவி.

"இதையும் உங்க கொத்துல சேத்துக்குங்க."

அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையிலேயே வைத்தாள். "இருபத்திரண்டு போதும் சார். அந்த வீட்ட நான் பின்னால நடந்து தொடச்சுட்டு வாசல்ல வந்து நின்னா, என்னை நானே தொடச்சு வெளிய தள்ளுன மாதிரி இருக்கும்."

அவர் வேறு ஆள் தேடினார். ஊரில் இந்த வேலை செய்தவர்கள் ஏழு பேர். ஐந்து பேர் இதேபோல் வீடு போய் ஊரைவிட்டே போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஒருத்தி, "சாவி அண்ணி தொடாத வீட்ட நானும் தொட மாட்டேன்" என்று கதவைச் சாத்திவிட்டாள். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை வாத்தியாரே காரில் வந்து இறங்கினார்.

மூன்றரை மணிக்கு அவர் என் கடைக்குப் போன் போட்டார்.

"அம்மா, இந்த விரிப்பு நாலு மூலையும் ஒண்ணா நிக்க மாட்டேங்குது. ஒரு பக்கம் மாட்டுனா மறுபக்கம் கழண்டுடுது."

"நாப்பது வருஷம் சதுரம் நடத்துனீங்களே சார், நாலு மூலை தெரியாதா?"

மனம் கேட்காமல் போய்ப் பார்த்தேன். வாத்தியார் வாசலிலிருந்து துடைக்கத் தொடங்கியிருக்கிறார்! துடைத்துக்கொண்டே போய் அடுக்களை மூலையில் முடிந்திருந்தார். முன்னால் முழுக்க ஈரம். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு, கரையேற முடியாதவர் மாதிரி நின்றார். "தரை காயட்டும்னு நிக்கிறேன்" என்றார். அந்த நேரம் பார்த்து விருந்தாளிகள் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். அவரை வேலைக்காரர் என்று நினைத்து, "பெரியவரே, இந்தப் பெட்டிய உள்ள வைங்க" என்றார்கள். வைத்தார், பாவம்.

இரண்டாம் சனிக்கிழமை மனைவியைக் கூட்டி வந்தார். குளியலறைக் குழாயை அரைச்சுற்று இடப்பக்கம் திருப்பி ஒரு தட்டுத் தட்டினால்தான் மூடும். அது அண்ணிக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாள் மூன்று முறை நனைந்தார். மூன்றாம் வாரம் விருந்தாளிகள் தங்களுக்குக் கொடுத்த மாற்றுச் சாவியைக் கடலில் தொலைத்துவிட்டு, அவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் செய்தார்கள். மனைவி, "இனிமே நான் வரமாட்டேன், நீங்களாச்சு உங்க வீடாச்சு" என்று சொல்லிவிட்டார். நான் நடந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் அண்ணியிடம் சொல்வேன். அவள் சிரிக்காமல், "பாவம்டி, வயசான மனுஷன்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலாம் சனிக்கிழமை அவர் கார் பழுது. ரயிலில் வந்து இறங்கி, ரயிலடி ஊரில் அண்ணனின் பஸ்ஸில் ஏறிவிட்டார். உட்கார இடம் கிடைத்தது அண்ணன் மகளான என் மருமகள் பக்கத்தில். அவள் வழக்கம்போல நோட்டைக் கண்ணாடிக்குக் காட்டினாள். அண்ணன் தலையாட்டினான்.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. "தப்பும்மா. ஏழெட்டு அம்பத்தாறு. உங்க டிரைவருக்குக் கணக்கு வரல போலிருக்கு."

"டிரைவர் இல்ல தாத்தா, எங்கப்பா."

"அப்ப வீட்டுல உக்காந்து போடலாமே? பஸ்ல எதுக்குக் கண்ணாடி வழியா?"

"வீட்டுல அப்பா இல்லயே. எங்க ஓனர் வீட்ட காலி பண்ண வச்சு வாங்கிட்டாரு. அதுலேர்ந்து அப்பாவ பஸ்லதான் பாக்குறேன்."

வாத்தியார் கண்ணாடியைப் பார்த்தார், அதில் தெரிந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் சாவிக் கொத்தோடு அண்ணி. "வணக்கம் சார், குழாய் ஒழுங்கா மூடுதா?" என்று கேட்டாளாம். அவர் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாராம். ஆனால் நோட்டில் மிச்சமிருந்த எட்டுக் கணக்கையும் என் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்.

அன்று மாலை அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வரவில்லை, வாத்தியாரே ஏஜென்ட்டிடம் சொல்லி அவர்களை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டாராம். வாத்தியார் என் கடைக்கு வந்தார். அண்ணி அங்கே துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். 23ஆம் நம்பர் சாவியை அவள் முன்னால் வைத்தார்.

"அஞ்சு வருஷத்துக்கு எழுதியே குடுத்துடுறேன்மா. பழைய வாடகைதான். நான் போட்ட கணக்கு தப்பு. இந்தச் சனிக்கிழமை வேலையும் என்னால ஆகாது."

கரைந்தது அவர் மனசா முதுகா என்று இன்னும் எனக்குத் தெரியாது. முதுகு என்றுதான் நான் நினைக்கிறேன். அண்ணி, மனசுதான் என்கிறாள்.

நாங்கள் எல்லோருமாகப் போய்க் கதவைத் திறந்தோம். வாத்தியார் தன்னால் முடிந்தவரை சுத்தம் செய்து வைத்திருந்தார். இரண்டு கோப்பைகள் கவிழ்ந்திருந்தன. அச்சடித்த அட்டைக்குப் பதிலாக ஒரு நோட்டுத் தாளில், கரும்பலகைக் கையெழுத்தில், 'நல்வரவு' என்று எழுதியிருந்தார். அண்ணி அதைக் கையில் எடுத்துப் படித்தாள். இந்த வேலைக்கு வந்த பதினைந்து வருஷத்தில் எத்தனை அட்டை வைத்திருப்பாள்! அவளுக்கென்று யாரும் வைத்தது இதுதான் முதல் தடவை.

பிறகு கண் கட்டிலுக்குப் போனது. விரிப்பு கோணல். கை சும்மா இருக்குமா? நாலு மூலையையும் இழுத்துச் செருகி, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டாள். இனிப் பின்னாலேயே நடந்து வாசலுக்குப் போய்விடுவாள் என்று நான் கதவை விட்டு விலகிக்கூட நின்றேன்.

அண்ணி போகவில்லை. என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நட்டநடு மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தாள். இருபத்திரண்டு சாவியும் குலுங்கின.

"நீங்க வெளுத்த விரிப்பாச்சே, கசங்குதே அத்தை!" என்று கத்தினாள் மருமகள்.

"கசங்கட்டும்டி" என்றேன். "நீயும் போய் ஏறு."