மோட்டார் அடித்த சாவு மேளம்

இசையை வைத்துச் சிற்பம் செய்கிறேன் என்று சொன்னால், உத்திரமேரூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பறைத்தோலில் மையைத் தடவி, மேலே காகிதத்தைப் போட்டு அடித்தால் குச்சி விழுந்த இடமெல்லாம் புள்ளியும் கீறலுமாகப் பதியும். அவை என் ஓவியங்கள். பறையின் உள்வெற்றிடத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தவை சிற்பங்கள். சென்னையில் அவற்றைச் சுற்றி நின்று காபி குடித்துக்கொண்டு ஏதேதோ பெரிதாகப் பேசுவார்கள். என் அத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னா இது, வறட்டி காயவச்ச மாரி கீது?" என்றாள். எனக்கு அத்தை சொன்னதுதான் பிடித்திருந்தது.

அப்பா பறையடிப்பவர். அது அண்ணனுக்கு ஆகாது. அவன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவன். அவனுடைய நிச்சயதார்த்தத்தன்று ஊருக்குள் ஒரு சாவு விழ, அப்பா பறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், மாப்பிள்ளையின் அப்பாவைக் காணோம். அன்றோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது. அண்ணன் ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனான். அப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா அவன் பேச்சை எடுக்கமாட்டார். அத்தையிடம் மட்டும், அவன் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்பார்.

போன தை மாதம் சென்னையில் என் கண்காட்சி. இரும்புச் சட்டத்தில் பறைகளை மாட்டி, மோட்டாரில் குச்சிகளைப் பொருத்தியிருந்தேன். ஆளே இல்லாமல் பறை அடிக்கும். எந்த அடி என்பதுதான் பாக்கி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த அப்பாவிடம், "உனக்கு நல்லா வர்ற அடி ஒண்ணு அடிச்சுக் காட்டுப்பா" என்றேன். கட்டில் சட்டத்தில் விரலால் அடித்தார். போனில் பதிந்து, லேப்டாப்பில் கோடுகளாகப் பார்த்தேன். ஏறி இறங்கி அவ்வளவு அழகு! அதையே மோட்டாருக்கு ஏற்றிவிட்டேன். அழகைப் பார்த்தேனே ஒழிய, அது என்ன அடி என்று யோசிக்கவில்லை. அப்பாவுக்கு நன்றாக வருவது சாவு அடிதான். ஊர் அவரை வேறெதற்கும் கூப்பிட்டதில்லை.

சென்னை வாடகை வீட்டில் இதை ஓட்டிப் பார்த்தால் வீட்டுக்காரர் அன்றே என்னைக் காலி பண்ணச் சொல்வார். அதனால் லோடு வண்டியில் ஏற்றிவந்து, ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிறுத்தி சுவிட்சைப் போட்டேன். அறுப்பு முடிந்த வயல்களைத் தாண்டிச் சத்தம் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை, அத்தனை சந்தோஷம்.

"ஐயோ அண்ணா, எங்களை வுட்டுட்டுப் போய்ட்டியே!"

அத்தை முடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் இன்னும் சில பெண்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நானும் அலறிக்கொண்டு உள்ளே ஓடினேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

அத்தை மலைத்து நின்றாள். "அண்ணா, நீ சாவலயா?"

"நாஷ்டா துன்னுகினு கீறேன், கண்ணு தெரியல?" என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் கையில் ரோஜா மாலை. அப்பாவோடு சேர்ந்து அடிக்கும் பெரியப்பா தன் பறையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "இன்னாம்மா பேஜாரு இது! உசுரோட கீற மனுசனுக்கு சாவு மோளம் வுடுவாங்களா?" என்று கத்தினார். மோட்டாரை அணைக்கப் பின்பக்கம் ஓடினேன்.

"நிறுத்தாதம்மா."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வரைக்கும் வந்திருந்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்கப்பா. அசிங்கமா கீது."

"எல்லாரும் எங்க வந்தாங்க? உங்கண்ணன் வரல."

பெற்ற பிள்ளை வருகிறானா என்று பார்க்க, தன் சாவு மேளத்தையே ஓடவிடச் சொல்கிறார்! கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மாலை கொண்டுவந்தவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவுமில்லை.

ஏரிக்கரை மேல் அண்ணனின் பைக் வந்தது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கியிருப்பான் போல, லுங்கியும் பனியனுமாக இருந்தான். காலில் செருப்பில்லை. தெருமுனையிலேயே வண்டியைப் போட்டுவிட்டு, "அப்பா, அப்பா" என்று கதறிக்கொண்டு ஓடி வந்தான். கூட்டம் விலகியது.

நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் அப்படியே நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. அப்பாவைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு திரும்பிப் போய் வண்டியை எடுத்தான்.

பைக் ஏரிக்கரை ஏறி மறையும்வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதுகினுதான வந்தான்?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"சரி. இப்ப நிறுத்து."