டிரைவர் செல்வராசு சொன்ன 'முடியாது'

எங்கள் முட்டை லாரி டிரைவர் செல்வராசு எதற்கும் மாட்டேன் என்றதில்லை. தங்கமான மனுசன் என்று ஊரே சொல்லும்.

உள்ளே இருந்தது பயம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று, முதலாளி நான் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்குமாம். போன வாரம்தான் சொன்னார். இப்போது நாமக்கல்லில் ஒரு அம்மாவிடம் கவுன்சிலிங் போகிறார்.

இன்று காலை கொச்சியிலிருந்து வந்து இறங்கினார். கண் சிவந்து கிடந்தது.

"பாலக்காட்டுக்கு அவசர லோடுங்க. ஒரு நடை போயிட்டு வந்துருங்க," என்றேன்.

வழக்கமாகச் சிரித்துக்கொண்டே சாவியை எடுப்பார். இன்று போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"முடியாதுங்கண்ணா. தூங்காம ஓட்டுனா எங்கயாச்சும் கொண்டுபோய் உட்டுருவேன்."

சாவியைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"கோவமாங்கண்ணா?"

"ஆமா, கோவந்தான். அதுக்கென்ன, ஊட்டுக்குப் போய்த் தூங்குங்க."

"அந்தம்மாவும் இதேதாங்க சொன்னாங்க. அவருக்குக் கோவம் வந்தா வந்துட்டுப் போகட்டும்னு."

சொல்லிவிட்டு ஊட்டுக்கே போய்விட்டார்.

என் கோபம் மதியமே தீர்ந்தது. லோடு இன்னும் நிற்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்த டிரைவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.