இந்துப்ரியாவின் நேயர் விருப்பம்

செல்லூரில் எங்களுக்கு அடுத்த வீட்டுப் பெண் இந்துப்ரியா. சுங்குடிச் சேலைக் கடையில் பில் போடும் வேலை. யாரையும் எதிர்த்துப் பேசமாட்டாள். அதனால் அவளுக்கு ரோஷமே கிடையாது என்று சந்தில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

2003இல் அவளுக்கும் பக்கத்துத் தெரு வெங்கடேஷ்பாபுவுக்கும் நிச்சயமானது. இரண்டுமே சௌராஷ்டிரக் குடும்பங்கள். பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு நண்பர்களோடு மெட்டல் இசைக்குழு நடத்திக்கொண்டிருந்தான். கறுப்புச் சட்டை, தோள்வரை முடி, அடிவயிற்றிலிருந்து கத்தல். பத்திரிகை அடிக்கும் நேரத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனின் அம்மா ராதாமணி கல்யாணத்தை நிறுத்தினார். பையன் வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். பெண்ணின் நடத்தை சரியில்லை என்று ராதாமணி வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். மகன் அதையே பாட்டாக்கினான்.

'கழுத்தறுத்தவளே' என்று பாட்டு. மேலூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் படம் பிடித்து லோக்கல் கேபிள் சேனலுக்குக் கொடுத்தார்கள். மாலை வாங்கி வைத்துக் காத்திருந்தவனை ஏமாற்றிவிட்டு ஓடிய ஒருத்தியை, பாறைமேல் நின்று சபித்தார்கள். பேர் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் சொல்லவும் வேண்டியதில்லை. ஷேர் ஆட்டோ, டீக்கடை, காலேஜ் விழா எங்கும் அதே பாட்டுதான். பெண் பார்க்க வந்தவர்கள் 'அந்தப் பாட்டுல வர்ற பொண்ணா' என்று விசாரித்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் அப்பா ஜனகராஜ் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பையனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அந்தச் சேனலில் சனிக்கிழமை சாயங்காலம் நேயர் விருப்பம், நேரலை. போன் செய்து பாட்டுக் கேட்கலாம். யாருக்காக என்று சொன்னால் அந்தப் பேரைத் தொகுப்பாளினி திருப்பிச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவாள். இந்துப்ரியா போன் செய்து 'கழுத்தறுத்தவளே' வேண்டும் என்றாள். யாருக்காக என்று கேட்டார்கள்.

"செல்லூர் ராதாமணி அம்மாவுக்கு. அவுகளுக்குன்னே கட்டுன பாட்டு மாதிரி இருக்கு."

தொகுப்பாளினி சிரித்த முகம் மாறாமல் அதை அப்படியே ஒப்பித்தாள். பாட்டு ஓடியது.

அடுத்த வாரமும் அதே பாட்டு, அதே பேர். பிறகு அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் கேட்டார்கள். நானும் கேட்டேன், சந்தோஷமாகக் கேட்டேன். ராதாமணி காய்கறி வாங்கப் போனால் பொடிசுகள் முதல் வரியைக் கத்தின. மேடையில் வெங்கடேஷ்பாபு ஏறினால், கூட்டம் அவனிடம் 'உங்கம்மா பாட்டப் பாடு' என்றது. அந்த அமெரிக்கச் சம்பந்தத்துப் பெண்ணின் சித்தப்பா ஒருவர் திருப்பரங்குன்றத்தில் இருந்தார். அவர் வீட்டிலும் அதே கேபிள்தான். இது என்ன விவகாரம் என்று அவர் கேட்டனுப்பினார்.

பையன் ஒருநாள் இந்துப்ரியா வீட்டு வாசலுக்கு வந்தான். அவர்கள் தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில்தான் பேசுவார்கள். அவனும் அதில்தான் கெஞ்சினான். அம்மாவால் வெளியே தலைகாட்ட முடியவில்லையாம், நிறுத்திவிடு என்றானாம். அவள் உள்ளே கூப்பிடவில்லை. எங்கள் எல்லோருக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே பதில் சொன்னாள்.

"எனக்கும் அம்புட்டு நாளா அதே கதிதேன். அந்தப் பாட்டுல உள்ளது நெசமான்னு நீயே டிவில வந்து சொல்லு. நிறுத்திர்றேன்."

சனிக்கிழமை நேயர் விருப்பத்தில் தொகுப்பாளினிக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். முடியைப் பின்னால் கட்டியிருந்தான். ஜனகராஜ் வீட்டு டிவி முன்னால் சந்தே கூடியிருந்தது. தரையைப் பார்த்தபடி அவன் முனகினான்.

"என்னைய எந்தப் பொண்ணும் ஏமாத்தல. இந்துப்ரியா மேல ஒரு தப்பும் இல்ல. கல்யாணத்த நிறுத்துனது நாங்கதேன்."

ஜனகராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முடிந்தது என்று நாங்கள் எழுந்தோம். இந்துப்ரியா போனை எடுத்து எண்களை அழுத்தினாள். உடனே லைன் கிடைத்தது. என்ன பாட்டு வேண்டும் என்று டிவியில் தொகுப்பாளினி கேட்டாள்.

"பாட்டு வேணாங்க. எங்க தெருவுல இப்பத்தேன் கரண்ட் வந்துச்சு. அவரு சொன்னத மொதல்ல இருந்து இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

நேரலையில் எழுந்து ஓடவா முடியும்? அவன் நிமிர்ந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னான். எங்கள் தெருவில் அன்று கரண்ட் போகவே இல்லை.